தலைப்பிரசவத்துக்கு எந்த ஊர்

சௌபாக்கியவதி ராஜத்துக்கு அப்பா எழுதுவது.

உன் மாமனாரின் கடிதம் வந்து நாளாகிவிட்டது. வளைகாப்பும் சீமந்தமும் குறைவில்லாமல் நடந்தன என்றும், எனக்கு லீவு கிடைக்காததில் அவருக்கு வருத்தமில்லை என்றும், நல்ல நாள் பார்த்து வந்து பெண்ணை அழைத்துப்போகலாம் என்றும் மரியாதையாக எழுதியிருந்தார். கடிதத்தின் ஓரத்தில், மடிப்பை ஒட்டி, பென்சிலால் ஒரு வரி இருந்தது. "அப்பா, நான் எப்போ வரட்டும்?" உனக்காக அவர் இடம் விட்டாரா, நீயாக இடம் பிடித்துக்கொண்டாயா என்று தெரியவில்லை. மறு தபாலிலேயே பதில் போட்டிருக்க வேண்டும். இந்த ஒரு வரிக்குப் பதில் எழுத எனக்கு இத்தனை நாள் ஆனது. இந்தக் கடிதத்தையும் முதலில் பிரிப்பவர் உன் மாமனாராகத்தான் இருப்பார். அதில் குறையொன்றும் இல்லை, எல்லா வீட்டிலும் அப்படித்தான். அவர் படிக்க வேண்டும் என்றுதான் நானும் எழுதுகிறேன். ஆனால் உன்னோடு பேசுகிற மாதிரி எழுதினால்தான் எனக்குக் கை ஓடுகிறது.

தலைப்பிரசவம் பிறந்த வீட்டில்தான் நடக்க வேண்டும். அதை மாற்றிப் பேச எனக்கு உரிமை இல்லை. கடிதம் வந்த அன்றே கொத்தனாரைக் கூப்பிட்டுப் பின்கட்டு அறைக்கு வெள்ளையடிக்கச் சொன்னேன். நீ பொம்மை வைத்து விளையாடிய அறைதான். கிழக்குச் சுவரை இடித்து அதில் ஒரு ஜன்னல் வைத்தேன். இவ்வளவும் செய்து முடித்து, ஈரச் சுண்ணாம்பு வாசனையில் நின்றுகொண்டிருந்தபோதுதான் அடுத்த கேள்வி வந்தது. இந்த வங்காளத்து ஊரில் பிரசவத்துக்கு யார் வருவார்கள்? பத்திரிகை வேலையில் நரைத்தவன் நான். தெரியாத விஷயம் என்றால் போய்ப் பார்ப்பது, கேட்பது, எழுதுவது என்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியாது. அப்படியே போனேன், பார்த்தேன், கேட்டேன். பார்த்ததை உனக்கு எழுதுகிறேன்.

முதலில் மங்களம் மாமி வீட்டுக்குப் போனேன். நவராத்திரிக்கு உனக்குப் பாவாடை தைத்துக் கொடுப்பாளே, அக்கவுண்ட்ஸ் ஆபீஸ்காரர் மனைவி, அவள்தான். நான் படியேறும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"வாங்கோ, வாங்கோ! ராஜம் எப்ப வரா? லேகியம் நான்தான் கிளறுவேன், இப்பவே சொல்லிட்டேன். அவ சுக்கைக் கண்டாலே மூஞ்சியைத் திருப்பிப்பா, எனக்குத் தெரியும்."

"லேகியம் இருக்கட்டும் மாமி. பிரசவத்துக்கு யாரைக் கூப்பிடலாம்?"

"அதைப் போய் என்னைக் கேக்கறேளே! நாலு பெத்தேன், நாலும் கும்மோணத்துல. எங்காத்துக்காரர் என்னை ஏத்திவிட்டுட்டு நேரா ஆபீஸுக்குப் போயிடுவார். இவரைப் பொறுத்த மட்டும் குழந்தைன்னா ஒரு கார்டு வரும், அவ்வளவுதான்."

உள்ளிருந்து அவர் குரல் கொடுத்தார். "கார்டு இல்லை, தந்தி! பெரியவனுக்குத் தந்தி வந்தது."

"ஆமாம், தந்தி வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கின இவர்தான் ரொம்ப சிரமப்பட்டார்."

மூவரும் சிரித்தோம். பிறகு மாமி காப்பியை வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "அண்ணா, குழந்தை பொறந்தப்புறம் எது வேணும்னாலும் நான் செய்யறேன். அந்த நேரத்துக்கு மட்டும் என்னைக் கூப்பிடாதேங்கோ. எனக்கு ஒண்ணும் தெரியாது. பயமா இருக்கு."

மற்ற வீடுகளிலும் இதே பதில்தான். பவானிபூரிலும் காளிகாட்டிலும் இருக்கிற நம்மவர்கள் ஒரு வீடு பாக்கியில்லாமல் கேட்டுவிட்டேன். சமையல்காரர் வேண்டுமானால் கிடைப்பார், சாஸ்திரிகள் கிடைப்பார், தை பிறந்தால் கரும்புகூடக் கிடைக்கும். ஆனால் இந்த ஊரில் ஒரு பிரசவத்தைக் கண்ணால் பார்த்த தமிழ்ப் பெண் ஒருத்தியும் இல்லை. பிள்ளை பெறுவதற்குப் பெண்களை ஊருக்கு அனுப்பினோம், வயதானவர்களைச் சாவதற்கு ஊருக்கு அனுப்பினோம். சம்பளத்துக்கு மட்டும் இங்கே இருந்தோம். நாங்கள் எல்லோரும் சேர்ந்து செய்த தவறு இது. செய்கிறபோது ஒருவருக்கும் அது தவறாகத் தெரியவில்லை.

உனக்கு ஒன்பது வயதிருக்கும், தஞ்சாவூரிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தோம். சாந்த்ராகாச்சியில் தண்டவாளங்கள் பிரிந்து பிரிந்து விரிவதைப் பார்த்ததும் நீ பெஞ்சின் மேல் ஏறி நின்று, "அப்பா, ஊர் வந்துடுத்து!" என்று கத்தினாய். உன் அம்மா சிரித்தாள். "இது ஊராடி? இது உத்தியோகம்" என்றாள். இரண்டு வருஷம் கழித்து அவள் காலராவில் போனது இந்த உத்தியோகத்தில்தான். அன்றைக்கு ஆபீஸ் நேரம். தூக்க நம்மவர்கள் மூன்று பேர்தான் வந்து சேர்ந்தார்கள். நாலாவது தோள் பக்கத்து வீட்டு மாஷிமாவின் மூத்த பிள்ளை கொடுத்தது. ஆதிகங்கைக் கரையில் அவளை எரித்தபோதாவது இதை எங்கள் ஊர் என்று நாங்கள் எண்ணியிருக்க வேண்டும். எண்ணவில்லை. இந்த ஊரைப் பிறந்த வீடாகக் கொண்டு தலைப்பிரசவத்துக்கு வரப்போகிற முதல் பெண் நீதான். இங்கே உனக்காக ஒன்றும் தயாராக இல்லை.

மாஷிமாவைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அம்மா போன பிறகு உனக்குத் தலை வாரிவிட்டவள், நீ முதலில் வங்காளியில் சண்டை போடக் கற்றுக்கொண்டது அவள் முற்றத்தில். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள். "ஓ தோ ஆமாரி மேயே. என் பெண்ணாக்கும் அவள். என் சாருவும் கிருஷ்ணநகரிலிருந்து வந்தாச்சு. இரண்டு பேருக்கும் இங்கேயே பார்த்துக்கறேன். இரண்டு குழந்தைகளும் ஒரே முற்றத்தில் தவழட்டும்." சாருவும் அங்கே நின்றுகொண்டிருந்தாள். நீங்கள் இரண்டு பேரும் ஒரே மாங்காயைக் கடித்துத் தின்றவர்கள். "ராஜத்தை சீக்கிரம் வரச் சொல்லுங்க சித்தப்பா, இவங்க எல்லாருமா சேர்ந்து என்னை நடக்கக்கூட விட மாட்டேங்கறாங்க" என்றாள். எனக்குப் பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. பிறகு மாஷிமா பிரசவக் குடிலைக் காட்டினாள். முற்றத்தின் ஈர மூலையில், தரை மட்டத்தில், கீற்று வேய்ந்த குடில். ஜன்னல் இல்லை. தீட்டு கழிகிறவரை தாயும் பிள்ளையும் அதற்குள்தான் இருக்க வேண்டும். கதவடியில் நெருப்புச் சட்டி. எனக்கு என் ஜன்னல் ஞாபகம் வந்தது. ஆனால் தன் பெண்ணையும் அதே குடிலில் படுக்க வைக்கப்போகிறவளிடம் நான் என்ன சொல்வேன்?

மருத்துவச்சியையும் பார்த்தேன். பிந்துர் மா என்று பெயர், பிந்துவின் அம்மா. டாக்குரியாவிலிருந்து ரயில் பாதையோரமாகவே நடந்து வருகிறவள். வந்ததும் வெற்றிலை கேட்டாள், உட்கார்ந்தாள். "பாபுவுக்கு ஊரைக் கேள்வி கேக்கற உத்தியோகமாமே? கேளுங்க" என்றாள். தொப்புள்கொடியை எதனால் அறுப்பாய் என்று கேட்டேன். மூங்கில் சீவலால் என்றாள். கூரையில் செருகி வைத்திருப்பாளாம். கத்தரிக்கோலை வெந்நீரில் கொதிக்க வைத்து அதனால் அறுக்கலாமே என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "கத்தரியை வேக வெச்சு என்ன, குழம்பா வைக்கறது?" கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவாயா என்றும் கேட்டேன். அவள் முகம் மாறிவிட்டது. "இந்தத் தெருவில கோட்டு மாட்டிக்கிட்டு டிராமில் போற பாபுமார் எல்லாம் இந்தக் கையில விழுந்தவங்கதான். எவனாவது அழுக்காப் பொறந்தானா?" தவறிப்போனவர்கள் உண்டா என்று கேட்டதற்கு, "உண்டு. அது பிள்ளைகளைக் காக்கற ஷஷ்டித் தாயோட இஷ்டம்" என்று சொல்லிவிட்டு எழுந்துகொண்டாள். அவள் பொய் சொல்லவில்லை. அவளிடம் கோபப்படவும் எனக்கு இடமில்லை. அழைத்த வீடு எதற்கும் அவள் வராமல் இருந்ததில்லை. அழைத்தால் வருகிற உதவி என்று இந்தத் தெருவில் வேறு எதுவும் இல்லை.

நகரசபை பயிற்சி பெற்ற தாதிகளை வைத்திருப்பதாக நானே பத்திரிகையில் எழுதியிருக்கிறேன். பெண்களுக்கென்றே கட்டிய ஆஸ்பத்திரி திறந்தபோது அதைப் பற்றி ஒரு பத்தி முழுக்கப் பாராட்டியும் எழுதினேன். நான் எழுதியதைப் படித்தால் இந்த ஊரில் எல்லா உதவியும் இருக்கிறது. இப்போது ஒரு பெண்ணின் அப்பாவாக அதே படிகளில் ஏறினேன். தாதியின் வீடு பூட்டியிருந்தது. அவள் பார்க்க வேண்டிய தெருக்களின் பெயரை அடுத்த வீட்டுக்காரர் சொல்லச் சொல்ல, அவளை இனித் தேட வேண்டாம் என்று தோன்றிவிட்டது. ஆஸ்பத்திரி சுத்தமாக இருந்தது. வங்காளி லேடி டாக்டர், என் வயதில் பாதி இருப்பார். பொறுமையாகப் பேசினார்.

"வலி எடுத்த பிறகு வேண்டாம். முன்னாலேயே அழைத்து வாருங்கள். கூட ஒரு பெண் இருக்கட்டும்."

"தகப்பனார் இருக்கலாமா?"

"வாசல் வரைக்கும். பெண்ணின் அம்மா?"

சொன்னேன்.

"அத்தை, சித்தி யாராவது?"

"எல்லாரும் ஊரில்."

அவர் பேனாவை மூடினார். "உங்களவர்கள் யார் வந்தாலும் இதைத்தான் சொல்கிறார்கள். எல்லாரும் ஊரில்."

உன் அத்தைக்கு எழுதினேன். படுக்கையில் கிடக்கும் மாமனாரை விட்டுவிட்டு அவளால் அசைய முடியாதாம். கூலிக்கு ஒருத்தியை அமர்த்தலாம் என்றால், அவள் தொட்ட தண்ணீரை நீ குடிக்கலாமா என்று உன் வீட்டில் கேட்பார்கள். இப்படி ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்தேன். எல்லாக் கதவும் திறந்தது, ராஜம். யாரும் என்னை விரட்டவில்லை. ஆனால் ஒவ்வொரு கதவுக்குள்ளும் ஏதோ ஒன்று குறைந்தது. மாமியிடம் அன்பு இருக்கிறது, அனுபவம் இல்லை. மாஷிமாவிடம் இரண்டும் இருக்கின்றன, அந்தக் குடிலும் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் வெளிச்சம் இருக்கிறது, சாருவை விட்டுவிட்டு மாஷிமா வர முடியாது, உன்னோடு உள்ளே வர வேறு ஆள் இல்லை. இவற்றையெல்லாம் சேர்த்து ஒரே வீடாகக் கட்ட எனக்குத் தெரியவில்லை. இருந்தாலும் "வா" என்றுதான் எழுதுவதாக இருந்தேன். ஆசைதான், வேறொன்றும் இல்லை. காகிதமும் எடுத்து வைத்துவிட்டேன். அந்த வாரம்தான் மழை பிடித்தது, சாருவுக்கு வலி எடுத்தது.

ஆண் குழந்தை. வங்காளி வழக்கப்படி சந்தோஷத்துக்குச் சங்கு ஊதினார்கள். குழந்தையைத் துணியில் சுற்றிக் குடில் வாசலில் காட்டினார்கள், நானும் பார்த்தேன். சிவப்பாக, கோபமாக இருந்தான். பிந்துர் மா என்னைப் பார்த்து, "என்ன பாபு, அழுக்கா இருக்கானா?" என்று கேட்டாள். மழையில் நின்றபடி எல்லோரும் சிரித்தார்கள். சில நாள் கழித்து சாருவுக்குக் குளிர் எடுத்தது. அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் இன்னும் அதிக நாள் குடிலில் வைத்துவிடுவார்களோ என்று பயந்தாளாம். சுரம் ஏறி வாய் பிதற்ற ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. நாட்டு வைத்தியர் கவிராஜர் வந்து வாசலில் நின்றே நாடி பார்த்துச் சூரணம் கொடுத்தார். ஹோமியோபதி பாபு பெட்டியோடு வந்து குடைக்கடியில் நின்று கேள்வி கேட்டார். அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. டிராம் ஏறிப் போய் லேடி டாக்டரை அழைத்து வந்தேன். சந்தில் முழங்கால் வரை தண்ணீர், வண்டி பெரிய ரோட்டோடு நின்றுவிட்டது. தெரு வாலிபர்கள் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து அவரை உட்காரவைத்துத் தூக்கி வந்தார்கள். ஒருவன் குடை பிடித்தான், இன்னொருவன் மருந்துப் பையைத் தலையில் வைத்துக்கொண்டான். யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை. அந்த நாற்காலி சந்துக்குள் திரும்பியபோது, இந்த ஊரில் உன்னைக் காப்பாற்றிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன்.

டாக்டர் குடிலுக்குள் போய் நேரம் கழித்து வெளியே வந்தார். "உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்" என்றார். இதே நாற்காலியில் வைத்துத் தூக்கலாம், பையன்கள் தயாராக நின்றார்கள். மாஷிமா அசையவில்லை.

"கிருஷ்ணநகரைக் கேக்கணும்."

"எதற்கு?" என்றார் டாக்டர்.

"அவ அவங்க வீட்டு மருமகள். அவங்களைக் கேக்காம எப்படி ஆஸ்பத்திரிக்கு அனுப்பறது? நாளைக்கு அவளை வீட்டுக்குள்ள ஏத்துக்கலைன்னா?"

மாஷிமாவின் மூத்த பிள்ளை தலை குனிந்து நின்றான். நானும் ஒன்றும் சொல்லவில்லை. அவன் தந்தி ஆபீஸுக்குப் போனான். சாருவின் மைத்துனர் நேரில் வந்து முடிவு சொல்வார் என்று பதில் வந்தது. அவர் வந்தார். நல்ல மனிதர்தான், பார்த்ததும் அழுதுவிட்டார், உடனே சம்மதித்தார். ஆனால் தந்தி போய், பதில் வந்து, அவர் ரயிலேறி வந்து சேர்கிறவரை சாரு அந்தக் குடிலிலேயே கிடந்தாள். நாற்காலியும் முற்றத்தில் மழையில் நனைந்துகொண்டு கிடந்தது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, ராஜம். மருத்துவச்சி, மழை, சந்து, தண்ணீர் எல்லாவற்றையும் எப்படியாவது சமாளித்துவிடலாம். ஆனால் உனக்கு ஒன்று என்றால் நானும் மாஷிமாவைப் போலத்தான் நிற்பேன். தஞ்சாவூருக்குத் தந்தி கொடுத்துவிட்டு, உன் மாமனாரின் பதிலுக்காக முற்றத்தில் காத்திருப்பேன். தைரியமாக முடிவெடுப்பேன் என்று நான் எழுதலாம். அந்த முற்றத்தில் நானும் வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன் என்பது எனக்குத் தெரியும்.

ஆகையால் என் பதில்: நீ வராதே.

இந்தக் கடிதத்தை உன் மாமனார் படித்துக்கொண்டிருந்தால், இந்த இடத்தில் நிறுத்திவிட்டு உன் மாமியாரையும் அடுக்களையிலிருந்து கூப்பிடும்படி கேட்டுக்கொள்கிறேன். அம்மா, பிறந்த வீட்டுக் கடமையை உங்கள் தலையில் வைக்கிறேன். கேட்கக் கூடாததைக் கேட்கிறேன் என்று தெரிந்தேதான் கேட்கிறேன். உங்கள் வீட்டில் எத்தனையோ பிரசவம் பார்த்தவர்கள் இருக்கிறார்கள், தாலூக்கா ஆஸ்பத்திரியும் வண்டியில் போகும் தூரத்தில் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேல், முடிவு சொல்ல வேண்டியவர்கள் அந்த வீட்டிலேயே இருக்கிறீர்கள். யாரும் யாருக்கும் தந்தி கொடுக்க வேண்டியதில்லை. சீரில் ஏதாவது குறை இருந்தால் என்னைச் சொல்லுங்கள்.

இனி உனக்கு. தாய் வீடு இல்லாத பெண்ணைக் கட்டிக்கொண்டோம் என்று என்றைக்காவது அங்கே ஒரு பேச்சு வந்தால் கோபித்துக்கொள்ளாதே. அது பொய்யில்லை. குளிர் எடுத்தாலும் சுரம் வந்தாலும் ஒரு வேளைகூட மறைக்காதே, யார் முகம் சுளித்தாலும் சத்தம் போட்டுச் சொல். நான் வேறு எந்தப் புத்தியும் சொல்லவில்லை, இதை மட்டும் சொல்கிறேன். லீவு கிடைத்தால் வருகிறேன். வந்தாலும் அங்கேயும் வாசல் வரைக்கும்தான். இங்கே நின்று பழகிவிட்டது.

சாரு ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். மாஷிமா உள்ளே அவளோடு இருக்கிறாள். ஆபீஸ் முடிந்ததும் நான் போய் ஆஸ்பத்திரி கேட் அருகில் நிற்கிறேன். காவல்காரன் உள்ளே போய்க் கேட்டு வந்து, "இருக்காங்க பாபு" என்கிறான். அதற்கு மேல் அவனுக்கும் தெரியாது. டாக்டர் எதுவும் சொல்வதில்லை. சாரு பிழைத்தாள் என்று உனக்கு எழுதத்தான் இந்தக் கடிதத்தை இன்னும் சில நாள் வைத்திருக்கலாமா என்று யோசித்தேன். நீ பயணத்துக்குத் தயாராகிக்கொண்டிருப்பாய் என்பதால் வைத்திருக்க முடியவில்லை.

குழந்தைக்குப் பால் கொடுக்க ஒரு பெண்ணை அமர்த்தியிருக்கிறார்கள். குடிலில் தண்ணீர் புகுந்துவிட்டது, மாஷிமா வீட்டில் காய்ந்த இடம் இல்லை. அதனால் நம் பின்கட்டு அறையைத் திறந்துவிட்டேன். ஜன்னலுக்கு நேராகத் தொட்டில் கட்டியிருக்கிறார்கள். இதை எழுதும்போது அங்கிருந்து அழுகை கேட்கிறது. உனக்கென்று வைத்த ஜன்னல். நீ ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

பதிலை உன் மாமனாரே எழுதட்டும். ஓரத்தில் மட்டும் உனக்குக் கொஞ்சம் இடம் விடும்படி அவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

அப்பா